மேட்டு பங்களாவும் பொது வீடும்

கிள்ளான் வட்டாரத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில் துரை பங்களாவுக்கு யாரும் வழி கேட்கத் தேவையிருக்கவில்லை. தோட்டத்தில் எது மேடோ அங்கே அது நிற்கும். அதற்குக் கீழே ஆபீசும், கணக்கெழுதும் கிராணியார் வீடும். இன்னும் கீழே, ஓடையோ சதுப்போ தொடங்குகிற இடத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள். மேட்டில் காற்று வரும், நீர் தேங்காது, தோட்டம் முழுவதும் கண்ணில் படும். தாழ்வில் கொசு இருக்கும். 1901-இல் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானில் பொறுப்பேற்றபோது ஊரே காய்ச்சலில் கிடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை மலேரியா சில வாரங்களிலேயே முடக்கிப்போட்டது. வடிகால் வெட்டியும் சதுப்பைத் தூர்த்தும் புதரை அழித்தும் வாட்சன் கிள்ளான் நகரைக் காப்பாற்றினார். தோட்டங்களுக்கு அந்தப் பாதுகாப்பு மெல்லத்தான் போய்ச் சேர்ந்தது. 1911-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டத் தொழிலாளரிடையே இறப்பு ஆயிரத்துக்கு 60-ஐத் தாண்டியிருந்தது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இருந்த சில நூறு அடி தூரத்தை அளக்க இந்த எண் போதும்.

பங்களாவின் கட்டுமானத்தை மட்டும் பார்த்தால் அது மிக நல்ல வீடு. செங்கல் தூண்களின்மேல் உயர்த்திய தரை, நான்கு பக்கமும் சுற்றிவரும் தாழ்வாரம், ஆழ்ந்த கூரை, வெப்பக் காற்று வெளியேற முகட்டில் ஓர் இடைவெளி, சாய்பலகைகள் பதித்த சன்னல்கள். மின்விசிறி வராத காலத்தில் இந்த மண்ணின் வெயிலையும் மழையையும் புரிந்துகொண்டு எழுந்த வீடு அது. அந்த அறிவின் ஒரு பகுதி மலாய்க் கம்பத்து வீடுகளிலிருந்து வந்தது. இன்னொரு பகுதி இந்தியாவிலும் இலங்கையிலும் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் பழகிக்கொண்டு வந்தது. 1890-களில் சிலாங்கூருக்கு வந்த துரைமார் பலர் இலங்கையில் காப்பி பயிரிட்டவர்கள். காப்பி இங்கும் கைவிட்டபோது ரப்பருக்கு மாறினார்கள். கூடவே தாங்கள் அறிந்த வீட்டு அமைப்பைக் கொண்டுவந்தார்கள், தாங்கள் அறிந்த தமிழ்த் தொழிலாளரையும் ஆள்பிடிக்கும் கங்காணிகள் வழியாக வரவழைத்தார்கள்.

அந்த வீட்டின் படியில் யார் ஏறலாம் என்பதுதான் என் கட்டுரையின் பொருள். சமையல்காரரும் ஆயாவும் தண்ணீர் சுமப்பவரும் பின்புறமாக ஏறினார்கள். பால் வெட்டுகிறவர்கள், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தோடு நின்றார்கள். 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலை வாசிக்கும் எவருக்கும் ஒரு வரி மனத்தில் தைக்கும். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, பெண்களுக்குத் தொல்லை தருவதை நிறுத்துதல் என்று நீளும் பட்டியலில், துரைமாரும் மேலாட்களும் எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமையும் கேட்கப்பட்டிருந்தது. ‘தமிழ் நேசன்’ நாளிதழின் துணையாசிரியரும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தை நடத்தியவருமான ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, சுட்டதில் தொழிலாளர் உயிரிழந்தார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடி பங்களாவைக் கடந்து போகவும் போராட வேண்டியிருந்தது.

அந்தத் தோட்டங்கள் இன்று எங்கே? பெட்டாலிங் ஜெயா 1950-களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் தோட்டத்து நிலத்தில் உருவானது. ஷா ஆலாம், சுங்கை ரெங்கம் தோட்டத்தின்மேல் எழுந்தது. சீஃபீல்டு தோட்டத்தில் 1976-இல் சுபாங் ஜெயா தொடங்கியது. முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் 1921-இல் ஏற்படுத்திய பெராங் பெசார் தோட்டம் புத்ராஜெயா ஆனது. அந்தத் தோட்டத்திலும் அருகிருந்த செட்ஜ்லி, மெடிங்லி, காலோவே தோட்டங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன; விரிசல் விட்ட அந்தக் கட்டடங்களில் தரைவீட்டுக்காகக் காத்திருந்தே ஒரு தலைமுறை மூப்படைந்தது. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். அந்தப் பெரும்பணி நடந்திராவிட்டால் இழப்பு இன்னும் கூடியிருக்கும். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் நகரம் பரவிய வேகத்துக்கு எந்தச் சங்கமும் ஈடுகொடுத்திருக்க முடியாது.

தோட்டம் போனதும் முதலில் போனது லயம். பிறகு ஆயாக் கொட்டகை, மருந்தகம், பெரட்டுக் களம். தமிழ்ப்பள்ளிகளில் சில இடம்பெயர்ந்து பெயரையாவது காப்பாற்றிக்கொண்டன. கோயில்கள் மிகப் பிடிவாதமாக நின்றன, அவற்றுக்கும் சோதனை வந்தது: சீஃபீல்டு மாரியம்மன் கோயிலை இடம் மாற்றும் வழக்கு 2018 நவம்பரில் கலவரத்தில் முடிந்ததை நாடே பார்த்தது. ஒரு சமூகம் நூறாண்டு வாழ்ந்த வீடுகளில் அதன் பேரப்பிள்ளைகளுக்குக் கைநீட்டிக் காட்ட மிஞ்சியது மிகக் குறைவு. ஆகவே பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பது பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர் பலர் ‘அது நமக்கு என்ன?’ என்று ஒதுங்குவதில் நியாயம் உண்டு. புதுப்பித்துக் காக்கப்படுபவை பெரும்பாலும் மேட்டு வீடுகள்.

கோலாலம்பூரின் மேட்டு வீடுகளில் தலையாயது கார்கோசா. கூட்டு மலாய் மாநிலங்களின் முதல் ரெசிடென்ட் ஜெனரல் ஃபிராங்க் சுவெட்டன்ஹாமுக்காக 1890-களின் பிற்பகுதியில் எழுந்தது. பக்கத்துக் குன்றில் உள்ள ஸ்ரீ நெகாரா அன்று கிங்ஸ் ஹவுஸ் எனப்பட்டது. மலாயாக் கூட்டரசு உடன்படிக்கை 1957 ஆகஸ்டு 5-ஆம் நாள் கையெழுத்தானது அங்கேதான். விடுதலையை ஒட்டிப் பிரிட்டனுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்ட கார்கோசா 1987-இல் மலேசியாவுக்குத் திரும்பியது; 1989-இல் ஓட்டலாயிற்று. அழகான வீடு, அருமையான வரலாறு. ஆனால் ஓட்டலாக இருந்த கால் நூற்றாண்டிலும் அதன் தாழ்வாரத்தில் உட்கார ஒரு கோப்பைத் தேநீரின் விலையைக் கொடுக்கக் கூடியவர்கள்தான் படியேறினார்கள். புதுப்பிக்கப்பட்டது சுவரும் கூரையும். வாசல் அப்படியே இருந்தது.

ஜாலான் ஸ்டோனரில் நிலைமை வேறு. 1920-களில் கட்டிய ஒரு பங்களாவில் மலேசிய மரபுடைமை அறக்கட்டளையான பாடான் வாரிசான் இடம்பிடித்து, அதன் வளாகத்தில் கெடாவின் தென்கோடியிலிருந்து ஒரு நாட்டுப்புற மரவீட்டையே பிரித்துக் கொண்டுவந்து 1990-களில் நிறுத்தியது. பெங்ஹுலு அபு செமான் வீடு என்பது அதன் பெயர். பெங்ஹுலு என்றால் ஊர்த்தலைவர். 1910-களிலிருந்து 1930-களின் தொடக்கம்வரை படிப்படியாக வளர்ந்த வீடு. குடும்பம் வாழ்ந்த பகுதி தனி, ஊரார் வழக்கும் வரியும் குறையும் கொண்டுவந்து உட்கார்ந்து பேசிய மண்டபம் தனி. சிதைந்து கிடந்த பலகைகளைக் கழற்றி, எண்ணிட்டு, பழுதை மாற்றி, மறுபடி பொருத்தியிருக்கிறார்கள். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்து வீடாயிற்றே என்று அதை ஒதுக்க முடியாது. ஊர்மக்கள் படியேறி வந்து போன வீடு அது. புதுப்பித்தபோது அந்த மண்டபத்துக்குக் கொடுத்த மதிப்பை நான் பெரிதும் பாராட்டுகிறேன்.

தமிழ்நாட்டில் இதற்கு இணையாகக் கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் உள்ள வீட்டைச் சொல்லலாம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரியில் முதலில் தங்கிய இடம் அது.  படகர் ஊருக்கு நடுவே நெடுங்காலம் பாழாய்க் கிடந்த அந்தப் பெத்தக்கல் பங்களா இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சீராக்கப்பட்டு, இன்று சல்லிவன் நினைவகமாகவும் நீலகிரி ஆவணங்களின் இருப்பிடமாகவும் உள்ளது. கலெக்டர் தங்கிய வீட்டில் இன்று மலைமக்களின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

இப்போது கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு வருவோம். இங்கே மேடும் இல்லை, துரையும் இல்லை. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அடுத்தடுத்து அழித்த பிறகு, அத்தாப்பு ஓலைக் கூரையை விட்டுவிட்டுச் செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்ட வேண்டும் என்று சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். அந்தத் தேவைக்காகச் சூளைகள் எரிந்த இடம் இது. 1886-இல் கோலாலம்பூரைக் கிள்ளான் ஆற்றுத்துறையோடு இணைத்து ரயில் ஓடத் தொடங்கியதும் சூளைப்புறம் ரயில்காரர் பேட்டையாக மாறியது. தண்டவாளம் போட்டவர்களும் பட்டறையில் உழைத்தவர்களும் தமிழகத்திலிருந்து வந்தார்கள். பயணச்சீட்டு, கணக்கு, தந்தி, நிலைய அதிகாரம் ஆகிய எழுத்து வேலைகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து இளைஞர்கள் வந்தார்கள். 1823-இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் தொடங்கிய செமினரியின் வழியில் வளர்ந்த ஆங்கிலப் பள்ளிகள் அவர்களை அதற்குத் தயார்படுத்தியிருந்தன. ரயில்வே, அரசு ஊழியருக்காக வரிசையாகக் கட்டப்பட்ட ‘நூறு குவார்ட்டர்ஸ்’ அந்தக் காலத்தின் எச்சம். அவற்றில் ஒரு பகுதி இடிக்கப்பட்டுவிட்டது.

இந்தப் பேட்டையின் யாழ்ப்பாணத்தார் தங்கள் பொது வீட்டுக்குத் தேர்ந்த பெயர் விவேகானந்தருடையது. அவர் 1893-இல் சிகாகோ செல்லும் வழியில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கிப் பார்த்தார். 1897 சனவரியில் திரும்பியபோது கொழும்பில் கரையிறங்கி யாழ்ப்பாணம் வந்து பேசினார். அந்த வரவேற்பின் சூடு கடிதங்களோடும் கப்பலேறிய உறவினரோடும் கோலாலம்பூருக்கு வந்திருக்க வேண்டும். அவர் 1902-இல் மறைந்தார். இரண்டே ஆண்டுகளில், 1904-இல், இங்குள்ள இலங்கைத் தமிழர்கள் அவர் பெயரில் ஆசிரமத்தை நிறுவினார்கள். இன்று ஜாலான் துன் சம்பந்தன் என வழங்கும் பெருஞ்சாலையை நோக்கி அந்தக் கட்டடம் நிற்கிறது. முன்னே சுவாமிகளின் சிலை.

இதைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள். அவர்களுக்குக் கோலாலம்பூரில் கோயில் இருந்தது. ஸ்காட் சாலையில் நல்லூரை நினைத்து எழுப்பிய கந்தசுவாமி கோயிலும் அவர்களுடையதே. என்றாலும் கோயிலுக்கு அப்பால், படிக்கவும் பேசவும் கூடவும் ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார்கள். அந்த எண்ணத்தில்தான் ஆசிரமத்தின் பெருமை இருக்கிறது. அதன் நிழலில் தமிழ்ப்பள்ளி வளர்ந்தது. பிரிக்பீல்ட்ஸிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் விவேகானந்தா பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளும், பிரிக்பீல்ட்ஸில் அதே பெயரில் இடைநிலைப் பள்ளியும் தொடர்கின்றன. தோட்டத்தில் பங்களா கட்டிய அதே பத்தாண்டுகளில், அதே செங்கல்லையும் ஓட்டையும் கொண்டு, ஊழியர்கள் தங்களுக்கும் பிறருக்குமாக ஒரு வீடு கட்டினார்கள். முதல் நாளிலிருந்தே முன்வாசல் வழியாக எல்லாரும் ஏறிய வீடு.

கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் 2001-இல் திறந்த பிறகு அதைச் சுற்றியுள்ள ஒவ்வோர் அடி நிலத்துக்கும் விலை ஏறியது. 2014-இல் ஆசிரம நிலத்தில் பலமாடிக் குடியிருப்பு எழுப்பும் திட்டம் வெளிவந்தபோது பிரிக்பீல்ட்ஸ் கொதித்தது. முன்னாள் மாணவர்களும் வட்டாரவாசிகளும் கையெழுத்துத் திரட்டினார்கள், வாசலில் கூடினார்கள். அரசு தலையிட்டது, 2016-இல் ஆசிரமம் தேசிய மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. அதற்கு வழிசெய்த மரபுடைமைச் சட்டம் 2005-ஆம் ஆண்டுக்குரியது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2006-லேயே, டிசம்பர் மாதம், ஜாலான் அம்பாங்கில் 1920-களில் கட்டிய போக் மாளிகை தரைமட்டமானது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, கேட்க ஆள் வேண்டும் என்பதை இந்த இரண்டு வீடுகளின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும். போக் மாளிகைக்கு அழுதவர்கள் உண்டு. ஆனால் அந்த வீட்டில் படித்தவர்களும் கூடியவர்களும் இல்லை. ஆசிரமத்துக்கு இருந்தார்கள்.

பழைய கட்டட விரும்பிகள் ஆசிரமத்தின் அறங்காவலர்களை எளிதாகக் குற்றம் சொல்லிவிட்டுப் போய்விடலாம். நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை. பழைய கட்டடத்தைப் பேணுவதற்கும் வகுப்புகளை நடத்துவதற்கும் மாதாமாதம் பணம் வேண்டும். வருமானம் தரக்கூடிய நிலத்தை வைத்துக்கொண்டு கைநீட்ட வேண்டுமா என்ற கேள்வி பொறுப்பான கேள்வியே. அதற்குப் பலமாடிக் கட்டடம் விடையாகாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் விடை என்ன என்று சொல்லும் கடமை எதிர்த்தவர்களுக்கும் உண்டு. அந்தக் கடமையை நாம் இன்னும் சரியாகச் செய்யவில்லை.

நம் மரபில் கட்டடத்தைப் பேண ஒரு வலுவான வழி இருக்கிறது: திருப்பணி. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்று நாள் குறித்துவிட்டால் ஊர் கூடும், குழு அமையும், பணம் சேரும். ஆனால் நம் திருப்பணி பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் வேலையாகவே பெரும்பாலும் நடக்கிறது. கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலைப் பாருங்கள். 1873-இல் தம்புசாமிப் பிள்ளை குடும்பத்தார் தொடங்கியது, 1887-இல் செங்கல் கட்டடம் ஆனது, அது அகற்றப்பட்டு 1968-இல் இன்றுள்ள கோயில் முடிந்தது, 1973-இல் குடமுழுக்கு. தெய்வத்தின் வீடு என்றும் புதிதாக இருக்க வேண்டும் என்பது பக்தியின் நியாயம். அதை நான் மதிக்கிறேன். மரபுடைமைக் காப்பின் நியாயம் வேறு: மாற்றியே ஆக வேண்டியதை மட்டும் மாற்று, மற்றதை அதன் வயதோடு விட்டுவை. ஆசிரமம் கோயில் அன்று. அதற்குக் குடமுழுக்கு இல்லை. ஆகவே பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊரைத் தட்டியெழுப்பும் நாளும் இல்லை. நம் பள்ளிகள், படிப்பகங்கள், சங்க மண்டபங்கள் பல மெல்லச் சிதைவதற்கு இதுவே காரணம். திருப்பணியின் ஒழுங்கையும் மரபுடைமைக் காப்பின் பொறுமையையும் ஒரே குழுவின் கையில் சேர்க்க முடியுமானால் அதைவிடப் பெரிய பேறு வேறில்லை.

அந்தப் பொறுமை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நல்ல எண்ணத்தோடு செய்யும் கெடுதலே இதில் அதிகம். அந்தக் காலத்துச் செங்கல் சுவர்கள் பொதுவாகச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிச் சுண்ணாம்பே பூசியவை. தரையிலிருந்து ஈரம் ஏறும். சுண்ணாம்பின் நுண்துளை வழியே ஆவியாகி வெளியேறும். நன்கொடையாளர் ஒருவரின் பெருமனத்தால் அதன்மேல் சிமெண்டுப் பூச்சும் பளபளக்கும் பெயிண்டும் ஏறினால் ஈரத்துக்கு வழியடைபடும். உள்ளேயே தங்கி உப்பாகப் பூக்கும். சில மழைக்காலங்களில் செங்கல்லே மாவாக உதிரும். ஆகவே முதல் வேலை பெயிண்ட் அடிப்பதன்று. கூரை ஓட்டின் ஒழுகலை நிறுத்துதல், மழைநீர் சுவரடியில் தேங்காமல் வடித்தல், கரையான் பார்த்தல், பழைய பூச்சைச் சோதித்து அதே சுண்ணாம்பால் ஒட்டுப்போடுதல் என்று வெளியே தெரியாத வேலைகள் முதலில். பெயர்ப்பலகையில் பொறிக்க முடியாத நன்கொடைகள் இவை. இவற்றுக்குத்தான் நன்கொடையாளர் தேவை.

சுவரைவிட முதன்மையானது புழக்கம். மரபுடைமை என்று அறிவித்த கட்டடத்தை அனுமதியின்றி இடிப்பதைச் சட்டம் தடுக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து உட்காரவைக்கச் சட்டத்தால் முடியாது. பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் பூச்சோங்குக்கும் ஷா ஆலாமுக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டன. 2010-இல் லிட்டில் இந்தியா என்று அலங்கார வளைவுகளோடு தொடங்கிவைக்கப்பட்ட தெருவுக்குத் தீபாவளிச் சாமான் வாங்க வருகிறவர்கள், ஆசிரம வாசலைக் கடந்துதான் போகிறார்கள். அவர்களை உள்ளே அழைக்க ஒரு காரணம் வேண்டும்.

எனக்குத் தோன்றும் காரணம் இது. தோட்டங்கள் போய்விட்டன, ஆனால் தோட்டத்தின் காகிதங்கள் முழுவதும் போகவில்லை. பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, திருவிழா நோட்டீசு, கூட்டுறவுச் சங்கப் பங்குச் சீட்டு, செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டின் துண்டு, கிராணியார் குடும்பத்துப் புகைப்படம், தாமான் பெர்மாத்தாவுக்கு மாறியபோது கொடுத்த கடிதம் எல்லாம் நம் அலமாரிகளில் பிளாஸ்டிக் பைகளில் கிடக்கின்றன. லயத்தில் வாழ்ந்த மூத்த தலைமுறைக்கு இன்று எழுபதும் எண்பதும் ஆகிறது. பிரிக்பீல்ட்ஸில் எழுத்தறிவுக்காகக் கட்டிய வீட்டில், தோட்டப்புறத்தின் எழுத்தும் பேச்சும் சேர்ந்து இருக்க ஓர் அறை ஒதுக்கலாம். யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களின் வாரிசுகளும் கங்காணிக் கப்பலில் வந்தவர்களின் வாரிசுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து தம் பாட்டன்மாரின் பெயர்களைத் தேடும் அறை. இவ்விரு சாராருக்கும் இடையே அன்று படிநிலை இருந்தது. கிராணியார் வீடு லயத்துக்குச் சற்று மேலேதான் இருந்தது. அதை மறைக்காமல் எழுதிவைக்கவும் அதே மேசை பயன்படும். இயன்றால் ஒரு லய வீட்டையும், பெங்ஹுலு வீட்டைக் கொண்டுவந்ததுபோல், பலகை பலகையாக எங்கேனும் ஓர் இடத்தில் நிறுத்திக்காட்ட வேண்டும். துரை பங்களாவைப் புதுப்பிக்கும் கைகளுக்கு அதுவும் முடியாத வேலையன்று.

இந்தக் கட்டுரை பல வீடுகளுக்குப் போகும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு படமோ பதிவேடோ இருந்தால், மென்மையான பென்சிலால் பின்புறத்தில் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் இடமிருந்து வலமாக நிற்பவர்களின் பெயர்களையும் இந்த வாரமே எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிப் படத்தின் முன்பக்கம் வந்துவிடும். பெயர் தெரியாத முகம் இருந்தால், தெரிந்த மூத்தவர் ஒருவரிடம் படத்தை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். ஒட்டும் நாடா போடாமல், அமிலமில்லாத தாளில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். அறை தயாராகும்போது எடுத்துக்கொண்டு வர வசதியாக இருக்கும்.